இரண்டு கிலோ

“ரெண்டு கிலோவுக்கு மேல இருந்தா, அந்தப் பை ரயிலேறாது.”

மணிமேகலை கையோடு கொண்டுவந்திருந்த தராசின் கொக்கியில் கோகிலவாணியின் பையை மாட்டினாள். மொரப்பூர் நிலையத்தில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முள் ஆறரையில் நின்றது.

“என்னாக்கா, எங்களையும் தக்காளின்னு நெனச்சுட்டீங்களா? எடையில கழிவு எவ்வளவு புடிப்பீங்க?” என்றாள் கோகிலவாணி.

“நாலரைக் கிலோ. வெளிய எடு.”

அவர்கள் ஐவரும் பாலக்கோடு சந்தையில் தக்காளி தரம் பிரிப்பவர்கள். சென்னைக்குப் போய்க் கடலைப் பார்த்து, மறுநாள் திரும்புவதாகத் திட்டம். ஐவரில் ஒருத்தியும் அதுவரை கடலைக் கண்டதில்லை. மூத்தவளான மணிமேகலையே எல்லா ஏற்பாட்டையும் செய்திருந்தாள்.

முதலில் பட்டுச்சேலை வெளியே வந்தது.

“கடலோரம் நின்னு போட்டோ எடுக்க வேணாமாக்கா?”

“கடல் உன்னப் பாக்காது. நீதான் அதப் பாக்கணும்.”

முறுக்கு டப்பா, முகம் பார்க்கும் கண்ணாடி, முழு சோப்பு, இன்னொரு ஜோடிச் செருப்பு என ஒவ்வொன்றாக வெளியேறி, வழியனுப்ப வந்திருந்த கோகிலவாணியின் கணவன் மாதேஷின் கைகளில் ஏறின.

“பயணம் போறது நீயா, நானா?” என்றான் அவன்.

மணிமேகலை தன் கணக்குப்படி அளந்து கொடுத்தாள்: கால் துண்டு சோப்பு, இரண்டு ஷாம்பு பாக்கெட், நான்கு ஊக்கு, ஒரு முழம் நைலான் கயிறு, மடித்த செய்தித்தாள். அவற்றில் வீண் என்று தள்ள ஒன்றுமில்லை.

கோகிலவாணிக்கு முகம் சிவந்தது.

“சொந்தக் காசுல போறேன். இதுக்கு ஒரு சட்டமா? நான் வரல, போங்க!”

“அது உன் இஷ்டம். ஆனா பை வராது.”

ரயில் தொலைவில் கூவியது. அங்கே அது நிற்பது இரண்டே நிமிடம்.

“அட வாடி! பட்டுச்சேலைக்காகக் கடல வுட்டுடுவியா?” என்று ஐவரில் ஒருத்தியான ராமக்காள் அவள் கையைப் பிடித்தாள். ராமக்காளின் பை ஒன்றே முக்கால் கிலோ. முதலில் தேறியது அதுதான்.

கோகிலவாணி ஏறினாள், ஆனால் மணிமேகலையின் பக்கம் திரும்பவில்லை.

முன்பதிவில்லாத பெட்டி. கால் வைக்க இடமில்லாத நெரிசலிலும் ஐவரின் பைகளும் மடியில் அடங்கின. அடிக்கடி விழுந்துகொண்டிருந்த ஜன்னல் கதவு, ஒரு முழக் கயிற்றுக்குக் கட்டுப்பட்டது. இடம் கிடைக்காத இருவர் செய்தித்தாளை விரித்துத் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஜோலார்பேட்டை தாண்டியதும் ராமக்காள் கோகிலவாணியின் காதருகே குனிந்தாள்.

“யார்கிட்டயும் சொல்லிடாத. எனக்கு வயித்துல ஆபரேசன் ஆகி மூணு மாசம். ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கவே கூடாதாம். எப்படிப் போறதுன்னு ராவெல்லாம் ரோசன. நல்ல காலம், அக்கா இப்படி ஒரு சட்டம் போட்டுச்சு! நான் வாயத் தொறக்கவே இல்ல, பாரேன்.”

கோகிலவாணி மெல்ல எழுந்து, வாசலருகே நின்றிருந்த மணிமேகலையிடம் போனாள்.

“அக்கா... ராமக்காளுக்கு ஆபரேசன் ஆனது உங்களுக்குத் தெரியுமா?”

“ஆஸ்பத்திரி வரிசையில அவளுக்குப் பின்னாலதான் நின்னேன். டாக்டர் சொன்னது என் காதுலயும் வுழுந்துச்சு. அவ என்னப் பாக்கல.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! அவ பையையும் சேத்து நான் தூக்கியிருப்பேன். அதுக்கு ஏன் அஞ்சு பேர் பையையும் கொறைக்கணும்?”

மணிமேகலை உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் ராமக்காள் யாரோ சொன்னதற்குச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நீ தூக்குறேன்னு சொல்லியிருந்தா, அவ வூட்லயே இருந்திருப்பா.”