ஓர் எஸ்

ஜன்னல் வெயில் சாப்பாட்டு மேசையில் பாதிதூரம் வந்துவிட்டது. துணிக் கம்பெனியில் காலர் தைப்பவள் இன்று பேனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். லீவு லெட்டரை இங்கிலீஷில்தான் தர வேண்டுமாம். உள்ளறையில் அவள் மகள் காய்ச்சலோடு இருமுகிறாள். எதிரே கணவனின் மூத்த தாரத்துப் பெண், பள்ளிச் சீருடையில், ரிப்பனைப் பல்லில் கடித்தபடி பின்னல் போடுகிறாள். இந்த இரண்டு பெண்களும் ஒரே வீட்டுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. பெரியவள் லெட்டரைத் தலைகீழாகவே படித்துவிடுகிறாள். ரிப்பன் பல்லிலிருந்து நழுவுகிறது.

“சித்தி, ‘ஒன் ஆஃப் மை டாட்டர்’னு எழுதியிருக்கீங்க. கடைசியில ஒரு எஸ் வரணும்.”

“காய்ச்சல் ஒருத்திக்குத்தானே? ஒருத்திக்கு எதுக்கு எஸ்?”

“காய்ச்சல் ஒருத்திக்குத்தான். ஆனா இது ‘என் பொண்ணுங்கள்ல ஒருத்தி’ன்னு வருது. உங்களுக்கு ரெண்டு பொண்ணுன்னா எஸ் போடணும். ஒரே பொண்ணுன்னா...” பெரியவள் நிறுத்திக்கொள்கிறாள். “ஒரே பொண்ணுன்னா ‘மை டாட்டர்’னு மட்டும் எழுதுனா போதும்.”

பின்னலுக்குள் விரல்கள் அப்படியே நிற்கின்றன.

“என்னடி கேள்வி இது? ரெண்டுதான்,” என்று சொல்லிக்கொண்டே சித்தி எஸ் போடுகிறாள். பிறகு, தையல் பிரிந்துவிடாமல் இருக்க முனையில் ஊசியை மறுபடி ஓட்டுகிற பழக்கத்தில், அந்த ஒரே எழுத்தின் மேல் பேனாவை இன்னொரு முறை அழுத்தி ஓட்டுகிறாள்.