ஸ்பெல்லிங் மிஸ்டேக்

இன்னாசிராஜ் தன் பைக்கை விற்று வாங்கிய பழைய வீடியோ கேம் கேசட்டை, சிதம்பரத்தில் பழைய கேம் கடை வைத்திருக்கும் அறிவழகன் லென்ஸ் வைத்துச் சோதிக்க, கடலூரிலிருந்து மனைவி பெலிசியாவோடு வந்திருந்த அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"டூப்ளிகேட்னா இவ தம்பி ஆயுசுக்கும் என்னை வெச்சு சிரிப்பான் சார்."

"உள்ள போர்டு சரி. லேபிள்தான் இடிக்குது. ஒரிஜினல்ல கம்பெனிக்காரனே ஒரு ஸ்பெல்லிங்கைத் தப்பா அடிச்சுட்டான். அந்தத் தப்புக்குத்தான் இவ்ளோ கிராக்கி. இதுல சரியா இருக்கே."

"அப்போ போச்சா சார்?"

"இருங்க. எழுத்தும் சிவப்பு, அது மேல சிவப்புப் பேனா மை. யாரோ திருத்தியிருக்காங்க."

இன்னாசிராஜ் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

பெலிசியா தலைகுனிந்துகொண்டாள்.

"ஒன்பதாம் கிளாஸ் இங்கிலீஷ் பேப்பர் திருத்திக்கிட்டிருந்தேங்க. இதுவும் பக்கத்துல கெடந்துச்சு."