சிவப்புப் பட்டு நாடா

பிரிசில்லாவின் அலமாரியில் கந்தலான காதல் நாவல் ஒன்று இருந்தது. அட்டை கழன்று, பக்கமெல்லாம் சாம்பார்க் கறை. அதை எடுத்தால் அவள் சாப்பிடும்போதும் கீழே வைக்க மாட்டாள், பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் வைக்க மாட்டாள். அப்படியும் அதற்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

பக்கத்தில் இருந்த தடிப் புத்தகம்தான் காரணம். போன கிறிஸ்துமஸுக்கு அத்தை கொடுத்த பரிசு அது. அதற்குள்ளிருந்து சிவப்புப் பட்டு நாடா ஒன்று எட்டிப் பார்க்கும்.

"படிச்ச இடம் மறக்கக் கூடாதுன்னு எனக்குப் பட்டு நாடா வச்சிருக்கா. உனக்கு ஒரு பஸ் டிக்கெட்டாவது வச்சாளா?" என்று தடிப் புத்தகம் சீண்டும். கந்தலுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுபடி கிறிஸ்துமஸ் வந்தது. தோழிக்குப் பரிசு கொடுக்க பிரிசில்லா தடிப் புத்தகத்தை எடுத்தாள். புதுசு மாதிரி தெரியட்டும் என்று நாடாவை உருவிக் கந்தலுக்கு அருகில் போட்டாள். பிறகு பளபளக்கும் ஜிகினாத் தாளை விரித்தாள்.

"பார்த்தியா, எனக்குப் பொன்னாடை!" என்றது தடிப் புத்தகம்.

கந்தலால் தாங்க முடியவில்லை. "ஜிகினாவும் அதுக்கேவா? நாடா, நீயாவது என்கிட்ட வந்துடேன். உன்னைத் தலையில வச்சுத் தாங்குறேன்" என்று கெஞ்சியது.

நாடா குழம்பிப்போய்க் கேட்டது: "ஒரு வருஷமா பன்னிரண்டாம் பக்கத்துலயே கிடந்தேன். உன்கிட்ட வந்தா எந்தப் பக்கத்துல இருக்கறது? உன்னைப் பாதியில மூடி வச்சு நான் பார்த்ததே இல்லையே!"