வேர் பிடித்துவிட்டது

சிங்கப்பூர் தெம்பனிஸ் அடுக்குமாடி புளோக்கில் தன் வீட்டு வாசலில், வாடிக் கிடந்து தேறிவரும் தக்காளிச் செடியைப் புதுத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள் ரஞ்சிதம். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, பாதித் தண்டு மறைய மண்ணை அணைத்தாள்.

லிஃப்டிலிருந்து நேரே வந்து நின்றான் மகன் ஸ்ரீநாத்.

“என் வீட்டுக்கே அனுப்பிடும்மா.”

“எதுக்கு? மறுபடியும் காயப்போடவா?”

“நான் என்ன குறை வச்சேன்? வீடு பூரா ஏர்கான்.”

“ஜன்னலத் திறக்க விட்டியா? வெளிச்சமே படாம எது தேறும்?”

“பக்கத்து வீட்டுல கேக்குறாங்க லா, அது எங்கன்னு.”

“நான்தான் கொண்டுவந்து வச்சிருக்கேன்னு சொல்லு. வந்தப்போ தலை தொங்கிக் கிடந்துச்சு. இப்பத்தான் நிமிந்து நிக்குது.”

“எத்தன நாளைக்கு வச்சுக்குவ? அது என்னோடதும்மா.”

“இங்க வேர் புடிச்சாச்சு. இனிமே யாரையும் பிடுங்க விடமாட்டேன்.”

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. சாங்கி விமான நிலைய வேலை அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி ஸ்ரீநாத்தின் மனைவி நிரஞ்சனா வெளியே வந்தாள். கல்யாணமானதும் அவன் விடச் சொன்ன அதே வேலை.

“ஷிஃப்டுக்குப் போயிட்டு வரேன் அத்தை.”

அவன் பக்கம் திரும்பாமல் நடந்து லிஃப்டுக்குள் போனாள்.

ரஞ்சிதம் மண் கையோடு தொட்டியைத் தூக்கி மகனிடம் நீட்டினாள்.

“அது வராது. வேணும்னா இந்தச் செடியைக் கொண்டு போ. முதல்ல இதக் காயவிடாம வளத்துக் காட்டு.”