முன்னால் போவதைப் பிடிக்கும் முறை

விண்கல ஓட்டுநர் பயிற்சி மையத் தலைவர் அவர்களுக்கு,

தேர்வு நாளன்று ரயிலில் நான் ஜன்னலோரமும், என் மனைவி எதிர் இருக்கையிலும் அமர்ந்திருந்தோம். தேர்வு எழுதவேண்டிய மகள் செல்வராணி, சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சு வாங்க இறங்கினாள். ரயில் நகர்ந்தது. ஓடி வந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"ஓடி வாடி!" என்று ரயிலிலிருந்து கத்தினாள் என் மனைவி.

"முன்னால போறதைப் பிடிக்கணும்னா பிரேக் போடணும்மா! கீழ்ச்சுற்றுப்பாதைக்கு இறங்கினா வேகம் கூடி முந்திடலாம்!"

"அதெல்லாம் ஆகாசத்துலடி, இது சாத்தூர்!"

தங்கள் மையம் தந்த மெய்நிகர் கண்ணாடியை மாட்டி ஒரு வருடம் விண்கலம் ஓட்டிய பழக்கம். தேர்வுக்கு நாங்கள் இருவர் மட்டுமே வந்து சேர்ந்தோம். பாடம் அவளுக்கு நன்றாகவே ஏறியிருப்பதால், மறுதேர்வு அளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சே. அருளப்பன்

உறையை ஒட்டி நிமிர்ந்தபோது தெருவில் தபால் வண்டி கிளம்பிவிட்டது. ஓடிப்போய்க் கொடுக்க, செல்வராணி உறைக்குக் கை நீட்டினாள்.

"நீ உட்காரு" என்று உறையைப் பிடுங்கிக்கொண்டு என் மனைவியே ஓடினாள்.