பௌதி சாப்பிடும் மருந்து

"பௌதிக்குக் குடுத்தீங்களே, அதே மருந்து வேணும் டாக்டர்பாபு" என்று பிஜொலி இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினாள்.

விரல்கள் வீங்கி, கணுவுக்குக் கணு சிவந்திருந்தன. தெருப் பெண்கள் எல்லோருக்கும் ரவிக்கை தைக்கிற கை. துர்கா பூஜைக்கான துணிகள் அவள் வீட்டில் வெட்டக்கூட ஆளில்லாமல் குவிந்து கிடந்தன.

டாக்டர்பாபு என்பது வங்காளத்து ராணாகாட் ஊர் ஜனங்கள் ஆசையாகக் கொடுத்த பட்டம். கிரிஜாசங்கர் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஹோமியோபதியைப் புத்தகம் வாங்கித் தானே படித்துக்கொண்டார். ஆனால் மருந்துப் பெட்டியைத் திறந்துவிட்டால் கல்கத்தாவின் பெரிய டாக்டர்கூட கைகட்டி நிற்க வேண்டும், அப்படி ஒரு தோரணை.

"மழைக்கு முன்னாடி வலிக்குதா, விட்டப்புறமா? புளிப்பு பிடிக்குமா? கனவுல தண்ணி வருதா?"

பிஜொலி பரீட்சை எழுத வந்தவள் மாதிரி யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள்.

"பச்சை வெங்காயத்தை நிறுத்தணும்."

"ஐயோ, வெங்காயம் இல்லாம பொரி எப்படி இறங்கும் டாக்டர்பாபு? அதுக்கு இந்த வலியே தேவலையே!"

அடுக்களை வாசலில் லூச்சி என்கிற மைதா பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மஞ்சுஸ்ரீக்குச் சிரிப்பு வந்தது. அவள்தான் கிரிஜாசங்கரின் மனைவி. தெருவுக்கே பௌதி, அதாவது அண்ணி.

தினமும் காலையில் அவளையும் இப்படித்தான் விசாரிப்பார். ராத்திரி தூங்கினாயா, எந்த விரல் அதிகம் படுத்தியது, எதை நினைத்து அழுதாய் என்று. பிறகு கடுகு மாதிரியான வெள்ளை உருண்டைகளை மூடியில் கொட்டி, கை படாமல் அவள் நாக்கில் போடுவார். அந்த உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. விசாரிக்க ஒரு ஆள் இருப்பதில் வலி கொஞ்சம் அடங்கித்தான் போகிறது.

ஆனால் அவள் விரல்கள் மடங்குவதும் மாவு பிசைவதும் அதனால் இல்லை.

ஜில்லா ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் மாத்திரையால். வாரத்துக்கு ஒன்று. கணவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து விழுங்குவாள். தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போய் வருவாள்.

"படுத்த படுக்கையாய்க் கிடந்த பௌதியை எழுப்பி நடமாட விட்டவர்" என்று ஊர் புகழும்போது மனுஷர் மீசையைத் தடவிக்கொள்வார். வேலையும் போய், சத்தமும் அடங்கிப்போன வீட்டில் அவருக்கு மிச்சம் இருந்த பெருமை அது ஒன்றுதான். அதில் கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"ஆஸ்பத்திரியில காட்டினியா?" என்று பிஜொலியை அங்கிருந்தபடியே கேட்டாள்.

"காட்டினேன் பௌதி. முடக்குவாதம்னாங்க. மாத்திரையும் குடுத்தாங்க. ரெண்டு மருந்தும் வயித்துக்குள்ள சண்டை போட்டுக்கும்னு எதிர்வீட்டுல சொன்னாங்களா, அதான் குளத்துல விட்டெறிஞ்சிட்டேன். உங்களுக்கு வெறும் உருண்டையிலயே சரியாயிடலையா?"

மஞ்சுஸ்ரீயின் கை மாவிலேயே நின்றது.

கிரிஜாசங்கர் ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வரிசையில் அவள் நிறையக் கைகளைப் பார்த்திருக்கிறாள். காலம் தாழ்த்தி வந்தவர்களின் கைகள். கோணிப்போய், சோற்றை அள்ளக்கூட முடியாமல், அடுத்தவர் ஊட்டிவிடக் காத்திருக்கும் கைகள். பிஜொலியோ ஊசி பிடிக்க வேண்டியவள். முப்பது வயதுகூட முழுசாக ஆகவில்லை.

அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. மாவுக் கையோடு எழுந்து வந்தாள். பயம் இல்லை. அவரை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது.

"பிஜொலி, நாளைக்கே மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போ. விட்டெறிஞ்ச மாத்திரையைத் திரும்ப எழுதி வாங்கு. நானும் அதைத்தான் சாப்பிடறேன். ஆரம்பத்துலேருந்தே."

பிஜொலி அவளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நீட்டிய கைகளை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

மஞ்சுஸ்ரீ கணவரின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது.

கிரிஜாசங்கர் குப்பியில் உருண்டைகளைப் போட்டார். தக்கையை அழுத்தி மூடினார். பிஜொலியிடம் நீட்டினார்.

"இது காலையில. வலிக்கு ஒரு துணை, அவ்வளவுதான். மஞ்சள் மாத்திரை வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. மறந்துபோய் தெனமும் போட்டுடாதே, உசுருக்கே ஆபத்து. ஏதாவது ஒரு கிழமையை வெச்சுக்க. பௌதிக்குச் சனிக்கிழமை."

மஞ்சுஸ்ரீ சட்டென்று திரும்பினாள். கிழமையை அவள் சொந்தத் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை.

"உங்களுக்கு எப்படி..."

அவர் பெட்டியை மூடி, அதன் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"பெருமையை விடவும் எனக்கு மனசு வரல. உன் மாத்திரைக்குக் குறுக்க நிக்கவும் மனசு வரல. அதான் சனிக்கிழமை ஆனா பஞ்சானன் வீட்டுல போய் உக்காந்து, சீட்டாடித் தோத்துட்டு வரேன். எனக்குச் சீட்டைக் கண்டாலே ஆகாது மஞ்சு."