முதலில் வந்த காளை

“சாகப்போற மனுஷன்கிட்டப் பொய் சொல்லணும்னு எந்தப் பாடத்துல இருக்கு, சத்யப்ரியா?”

வார்டுக்கு வெளியே நின்று கேட்ட நர்சிங் ஆசிரியை சரண்யாதேவியின் குரல் தாழ்ந்தே இருந்தது. கண்டிப்பு மட்டும் குறையவில்லை. ஓசூரிலிருந்து மதுரைக்குப் படிக்க வந்திருந்த மாணவி தலைகுனிந்து நின்றாள்.

ஏழாம் கட்டிலில் கிடந்த அவனியாபுரம் பேயாண்டிக்கு, இன்னும் இரண்டு நாள் என்று மருத்துவர்கள் கெடு சொல்லியிருந்தனர். அன்று பொங்கல். அவர் வளர்த்த காளை ஜல்லிக்கட்டில் இறங்கிய வேகத்திலேயே பிடிபட்டுப் போனது. மகன் போனில் சொன்ன அச்செய்தியை அவரிடம் சேர்க்கவேண்டியவள் சத்யப்ரியா. சேர்த்தாள், வேறு விதமாக.

“வாடிவாசல்ல முதல்ல வந்ததே நம்ம காளைதான், தாத்தா. எட்டுப் பேரைத் தூக்கி வீசிடுச்சு. ஒருத்தர் கை படல.”

இப்போது மெல்லச் சொன்னாள்: “அவர் சிரிச்சார், மேடம்.”

“மூணு நாளா அவர் கட்டில்கிட்ட நின்னு அழுதே. இன்னைக்குப் பொய். இந்த வார்டு உனக்குத் தாங்காது. நாளையில இருந்து குழந்தைங்க வார்டுக்குப் போ.”

“அவர் போற வரைக்கும் நானே பாத்துக்கிறேன், மேடம்.”

“முகத்தைக் கழுவிட்டு வந்து, முதல்ல அவர்கிட்ட உண்மையைச் சொல்லு.”

சரண்யாதேவி உள்ளே போனதும் பேயாண்டி கையசைத்து அழைத்தார்.

“டீச்சரம்மா, அந்தப் புள்ளைய வையாதீங்க. மொதல்ல அவுத்து விடுறது கோயில் மாட்டைத்தான். அதை எவனும் தொடமாட்டான். எங்கூருல நண்டு சிண்டுக்கும் தெரியும். அது பாவம், வெளியூருப் புள்ள.”

“தெரிஞ்சுமா சிரிச்சீங்க?”

“மூணு நாளா எனக்காக அழுத புள்ள, இன்னைக்குத்தான் நிமிந்து நின்னுச்சு. ‘நம்ம காளை’ன்னுச்சு. மொகத்துல எம்புட்டுப் பெருமை. அதை ஏன் கெடுப்பானேன்?”

சத்யப்ரியா ஈர முகத்தோடு வந்து நின்றாள்.

“தாத்தா, நம்ம காளை...” என்று தொடங்கினாள்.

பொய்யே பேசாத சரண்யாதேவி முந்திக்கொண்டார்.

“எட்டுப் பேர்னு இவ தப்பாச் சொல்லிட்டா, ஐயா. பத்துப் பேரு. மிச்சத்தை நாளைக்கும் இவளே வந்து சொல்லுவா.”